முப்பத்தொரு வெற்றுக் கோடுகள்

எங்கள் ஊர்க் கல் வளர ஆரம்பித்தது ஐப்பசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் சாயந்தரம் டிவியில், மலைக்கு அந்தப் பக்கம் நடக்கிற சண்டைக்கு இன்னும் நாற்பதாயிரம் பேரை அனுப்பலாமா வேண்டாமா என்று டெல்லியில் எம்.பி.க்கள் கூடிப் பேசப் போகிறார்கள் என்று சொன்னார்கள். மறுநாள் காலையில் நான் வாளியும் துணியுமாகப் போய் நின்றபோது, என் மார்பளவு இருந்த கல் என் மோவாய் வரைக்கும் வந்திருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன். மண் பிளக்கவில்லை, சிமெண்டு மேடை வெடிக்கவில்லை. கொடியில் புடலங்காய் நீளுவது போல நின்ற இடத்திலேயே நீண்டிருந்தது. சரி, இன்றையிலிருந்து துடைக்க இன்னும் ஒரு சாண் கூடுதல் என்று நினைத்துக்கொண்டு துணியைப் பிழிந்தேன்.

வெண்ணமாந்தல் பட்டாளத்துக்காரர்களின் ஊர். வீட்டுக்கு ஒரு கறுப்புத் தகரப் பெட்டி இருக்கும், பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பரும் பேரும் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைக்கு இந்த ஊரிலிருந்து நூற்றுப் பதினெட்டுப் பேர் போனார்கள், பதினான்கு பேர் திரும்பவில்லை என்று சொல்லி அந்தப் பதினான்கு பேருடைய பேரையும் செதுக்கித்தான் பேருந்து நிற்கிற இடத்தில் அந்தக் கல்லை நட்டார்கள். பிறகு வந்த ஒவ்வொரு சண்டைக்கும் கீழே கீழே பேர் சேர்த்து, இப்போது இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். அந்தக் கல்லைத் துடைத்து வைப்பது பஞ்சாயத்தில் எனக்குக் கொடுத்த வேலை. நான் அஞ்சாவதோடு நின்றவள், வேகமாகப் படிக்க வராது. ஆனால் அந்த இருபத்தாறு பேரையும் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே படிப்பேன். ஒரு எழுத்து என் இரண்டு விரல் அகலம். பதினேழு வருஷமாகத் தடவிய எழுத்து.

கல் வளர்ந்ததை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பயந்து எடுத்துக்கொள்ளவில்லை, பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஏகாம்பரம் கொத்தனாரைக் கூப்பிட்டு முழக்கயிறு போட்டு அளந்து, ஒரு சாண் மூன்று விரல் என்று கரும்பலகையில் எழுதி வைத்தார். மறுநாள் பால் ஊற்றினார்கள். அதற்கு மறுநாள் செவ்வந்தி மாலை போட்டார்கள், அதற்கும் மறுநாள் மாலை குட்டையாகத் தெரிந்ததால் இரண்டு மாலையைச் சேர்த்துக் கட்டிப் போட்டார்கள். பக்கத்து ஊரிலும் இதே மாதிரி ஒரு கல் உண்டு, அது வளரவே இல்லை என்று தெரிந்ததும் எங்கள் ஊர் ஆம்பிளைகள் பேருந்தில் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். கல்லின் நிழல் இப்போது ரேஷன் கடை வாசல் வரைக்கும் போனதால் அரிசி வாங்க நிற்கிறவர்கள் அந்த நிழலை ஒட்டியே வரிசை பிடித்தார்கள், டீக்கடைக்காரர் பெஞ்சை அங்கே நகர்த்திக்கொண்டார், ஆட்டுக்காரர் மத்தியான நேரத்தில் ஆடுகளை அங்கே மடக்கினார். இப்படியாக ஒரு வாரத்துக்குள் கல் வளர்வது எங்களுக்கு மழை வருவது போல, கரண்ட் போவது போல ஆகிவிட்டது.

டெல்லியில் யாராவது எழுந்து, பழிக்குப் பழி வாங்க வேண்டும், அனுப்பு இன்னும் பத்தாயிரம் பேரை என்று பேசினால் கல் ஒரு விரல் கூடும். கூச்சல் போட்டுக்கொண்டு கலைந்துபோனால் அன்றைக்கு அப்படியே நிற்கும். இதைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர் கோதண்டம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, பனியில் இரண்டு கால்விரலைக் கொடுத்துவிட்டு வந்தவர். டீக்கடை டிவியை ஒரு கண்ணாலும் கல்லை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு, "இப்ப பேசறான் பாரு, இவன் பேச்சுக்கு அரை விரல்கூட தேறாது" என்று சொல்வார். பெஞ்சில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன், பிறகு ஏணி போட்டு ஏறித் துடைத்தேன். கல் அடியிலிருந்து நீண்டதால் பழைய பேர்கள் மேலே மேலே போய்விட்டன. செத்தவர்கள் என் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்குக் கீழே, என் கண்ணுக்கு நேராக, பேரில்லாத வழுவழுப்பான கல் வந்து நின்றது.

அந்த வழுவழுப்பில்தான் ஒரு நாள் காலையில் என் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

கண்ணால் பார்த்தால் ஒன்றும் இல்லை. விரலால் பார்த்தால் கோடு. நான் இரண்டாவது படிக்கும்போது எழுத்து உருண்டையாக வருவதற்காக இரட்டைக் கோடு நோட்டு வாங்கித் தருவார்களே, அந்த மாதிரி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் ஒரு எழுத்து உட்காருகிற உயரம். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. நான் துணியை வாளியில் போட்டுவிட்டு, மேலும் கீழுமான இரண்டையும் ஒரு கோடாக வைத்து விரலால் எண்ணினேன். முப்பத்தொன்று. எல்லாக் கோடும் ஒரே நீளம் இல்லை. ஒன்று நீளமாக ஓடியது, ஒன்று பாதியில் நின்றது, ஒன்று கல்லின் ஓரத்தைத் தொட்டது.

அனுப்பலாம் என்று முடிவானால் கிளம்பத் தயாராக இருங்கள் என்று உத்தரவு வந்திருந்த பட்டாளத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தன் என் மகன் புண்ணியகோட்டி.

மத்தியானம் சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கல்லுல கோடு கீதுங்க. எழுதறதுக்குப் போட்டு வெச்ச மாதிரி."

"கல்லுனா கோடு இருக்காதா? உனக்கு எதப் பார்த்தாலும் பயம். பல்லி கத்தனா பயம், போன் அடிச்சா பயம்."

"முப்பத்தொண்ணு கீதுங்க."

அவர் ரசம் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி பயப்படக் கூடாது என்று இருபத்தெட்டு வருஷமாக அவர் சொல்லுகிறார். இருபத்தெட்டு வருஷமாக நான் பயப்படாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. இரண்டு பேரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

சாயந்தரம், யாருமில்லாத நேரம் பார்த்து, சிமெண்டு மேடையில் அடுப்புக் கரியால் என் மகன் பேரை எழுதினேன், எழுத்துக்கு இரண்டு விரல் என்று கல்லில் இருக்கிற அளவுக்கே எழுதினேன். அப்பா பேரின் முதல் எழுத்து கோ, பிறகு புண்ணியகோட்டி. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் தையல் நூலைப் பிடித்து அறுத்தேன். ஒரு சாண் நாலு விரல். அந்த நூலை ஒவ்வொரு கோட்டின் மேலும் வைத்துக்கொண்டே வந்தேன். முதல் கோட்டுக்கு நூல் மிஞ்சியது. இரண்டாவதற்குப் போதவில்லை. பன்னிரண்டாவது கோட்டில் நூல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மயிரிழை பிசகாமல் போய் உட்கார்ந்தது, பிறந்த குழந்தைக்கு அரைஞாண் கட்டிப் பார்த்தால் உட்காருமே, அப்படி.

என் கையிலிருந்த கரி எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சின்னபாப்பா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னாக்கா, கல்லுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியா? அளவு எடுக்கற?"

நான் நூலைப் பன்னிரண்டாவது கோட்டில் வைத்துக் காட்டினேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள். அவளுக்கு ஒரே மகன், தனசேகரன். நான் எழுதினேன், அவள் நூலை அறுத்தாள். இருபதாவது கோடு. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை, குடத்தையும் மறந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இந்த மாதிரி விஷயம் ஒரு ஊரில் அடுப்புப் புகை போலப் போகும். மறுநாள் காலையில் முப்பத்தொரு வீட்டுப் பெண்களும் ஆளுக்கு ஒரு நூலோடு கல்லைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தாய் கிடைத்துக்கொண்டே வந்தாள். சில கோடு ஒரே அளவு. அந்த இடத்தில்தான் சண்டை வந்தது. "அது என் புள்ளையோடது இல்ல, உன் புள்ளையோடது", "உன் நூலை இழுத்துப் பிடிக்கறே, தளர்த்திப் பிடி", "உன் புள்ளைக்குத்தான் ரெண்டு இனிசியல் ஆச்சே, கீழ போய்ப் பாரு" என்று, முதுகில் எறும்பைத் தட்டிவிடுவது போல ஒருத்தி கோட்டை இன்னொருத்தி பக்கம் தள்ளிவிட்டார்கள். ஒரே தெருவில் தாலி கட்டிக்கொண்டு வந்து ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. நானும் பன்னிரண்டாவது கோட்டுக்கு வேறு யாராவது பொருந்துகிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் ஊர் செய்த காரியத்தை வேறு எந்த ஊரும் செய்திருக்காது. பேரை மாற்றினார்கள். சின்னபாப்பாதான் ஆரம்பித்தாள். போனில் மகனைக் கூப்பிட்டு, இன்றையிலிருந்து உன் பேர் தனா, இனிசியல்கூட வேண்டாம், நான் உன்னைத் தனா என்றுதான் கூப்பிடுவேன், நீயும் அப்படித்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பஞ்சாயத்து ஆபீசில் போய் மனுவும் கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். சுருக்கினவர்கள் பாதி, நீட்டினவர்கள் பாதி. ஒருத்தி மகன் பேருக்கு முன்னால் குலதெய்வத்தின் பேரை முழுசாகச் சேர்த்தாள், கல்லின் அகலத்துக்குள் அடங்காத பேராகப் போனால் என்ன செய்யும் பார்க்கலாம் என்றாள். பஞ்சாயத்து எழுத்தர் எல்லா மனுவையும் ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டார். மறுநாள் நான் துடைக்கப் போனபோது இருபதாவது கோடு சுருங்கி நாலு விரல் ஆகியிருந்தது. தனா. குலதெய்வத்தின் பேரைச் சேர்த்தவள் மகனுக்குக் கோடு கல்லின் ஓரத்தில் மடங்கி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது.

அன்றைக்கு நானும் புண்ணியகோட்டிக்குப் போன் போட்டேன். பேர் மாற்றச் சொல்ல அல்ல, அதனால் பிரயோசனமில்லை என்று தெரிந்துவிட்டது. குரலைக் கேட்க.

"யம்மா, ஊரே பேர் மாத்துதாமே? இங்க ஆஜர் கூப்பிடறப்ப ஒருத்தனும் பதில் குடுக்க மாட்டேங்கறான், எல்லாரும் முழிக்கறானுங்க" என்று சிரித்தான். பிறகு, "எனக்கும் மாத்திட்டியா?" என்றான்.

"இல்லடா. உங்க தாத்தா பேரு. நீளமாவே இருக்கட்டும்."

"பெட்டி கட்டி வெச்சாச்சும்மா. டெல்லில கை தூக்கினாங்கன்னா அன்னிக்கே ரயிலு." பிறகு கேட்டான், "குளிரு தாங்கற மாதிரி காலுறை அப்பாகிட்ட பழசு இருந்துச்சே, அது கீதா?"

இருக்கிறது என்றேன். விரல் இரண்டு போன கால் போட்டிருந்த காலுறை. அதைத் தேடி எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டபோது அவர் பார்த்தார். அன்றைக்குச் சாயந்தரம் அவரே ஒரு துண்டு நூலோடு கல்லிடம் போனதை நான் ரேஷன் கடையிலிருந்து பார்த்தேன். குனிந்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, பன்னிரண்டாவது கோட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக நிற்க முயன்றார். முடியவில்லை. கல்லையே பிடித்துக்கொண்டு நின்றார்.

இதற்கு நடுவில், வளர்கிற கல்லுக்குக் கம்பி வேலி போட்டு, அதைத் திறந்து வைக்க எம்.பி. பூவராகனை ஏகாம்பரம் அழைத்திருந்தார். ஓட்டு நடப்பதற்கு மூன்று நாள் முன்னால் அவர் வந்தார். பந்தல் போட்டு, மேலே சாமியானாத் துணி கட்டி, கல்லையும் பந்தலுக்குள் வைத்துக் கட்டியிருந்தார்கள். பூவராகன் நல்ல மனிதர்தான். எழுபது வயது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருவார், சாவுக்குக் கூப்பிடாமலே வருவார். மைக்கைப் பிடித்ததும் அவருக்கு வேறு குரல் வந்தது. இந்த மண் வீரம் விளைந்த மண் என்றார், கல் ஒரு விரல் எழுந்தது. எங்கள் கட்சி பின்வாங்காது என்றார், இன்னொரு விரல். நாற்பதாயிரம் என்ன, தேவைப்பட்டால் லட்சம் பேரை அனுப்புவோம் என்றார். கல் மடமடவென்று எழுந்து சாமியானாத் துணியில் போய் முட்டி, துணி கூடாரம் போல உயர்ந்து, டர்ரென்று கிழிந்து, கிழிசல் வழியாக வெயில் அவர் மொட்டைத் தலைமேல் விழுந்தது. ஆம்பிளைகள் கை தட்டினார்கள். பழக்கதோஷம். பெண்கள் யாரும் தட்டவில்லை.

பால் வழிந்ததைத் துடைக்க என்று என்னை மேடைப் பக்கத்திலேயே நிற்க வைத்திருந்தார்கள். நான் வாளியோடு முன்னால் போனேன்.

"ஐயா, இங்க கொஞ்சம் விரலை வெச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். நான் அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் ஓட்டினேன். மேல் கோடு, கீழ்க் கோடு. ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது. பன்னிரண்டில் நிறுத்தினேன். "இது என் மகனோடது" என்றேன். முப்பத்தொரு பெண்களும் நூலை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

பூவராகனுக்குச் சிரிப்பு நின்றது. மைக்கை அணைக்கச் சொன்னார். "அம்மா, என்கிட்ட ஏம்மா? இது மேலிடம் பண்ற முடிவு. கொறடா உத்தரவு போட்டாச்சு, கட்சி என்ன சொல்லுதோ அதுக்குத்தான் ஓட்டு. மீறினா பதவியே போயிடும். ஐந்நூறு பேருக்கு மேல இருக்கற இடத்துல என் ஒரு ஓட்டு என்ன பண்ணும்?"

"பேச்சுக்கு ஒரு விரல் ஏறுதே, அது ஐந்நூறு பேர் பேசினாதான் ஏறுதா?" என்றாள் சின்னபாப்பா. "நீங்க ஒருத்தர் பேசினதுக்கே துணி கிழிஞ்சிடுச்சு. உங்க புள்ள எங்க கீறாரு ஐயா?"

"வெளிநாட்டுல" என்று சொல்லிவிட்டு அவர் கீழே பார்த்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தார். சட்டையில் மெடல் குத்தியிருந்தார். எல்லாரும் அவர் எங்களை அதட்டப் போகிறார் என்றுதான் நினைத்தோம். சல்யூட் அடித்துவிட்டுப் பேசினார்.

"ஐயா, நான் மலைமேல இருந்தப்ப எங்க கோவேறு கழுதை ஒண்ணு கயிறு அவுத்துக்கினு அந்தப் பக்கம் போயிடுச்சு. அவன் பிடிச்சு வெச்சுக்கினான். திருப்பிக் குடுன்னு நாங்க, எங்க எல்லைக்குள்ள வந்ததுன்னு அவன். வெள்ளைக்கொடி புடிச்சுக்கினு எங்க ஆபீசரும் அவன் ஆபீசரும் நடுவுல ஒரு பாறைமேல உக்காந்து டீ குடிச்சுக்கினே பேசினாங்க. கழுதைக்கு எத்தினி வயசு, காதுல முத்திரை கீதா, புல்லு போட்டது யாரு, இப்படியே பதினோரு நாளு. நாங்க கேலி பண்ணோம், இதுக்கா படிச்சிட்டு ஆபீசரா வந்தானுங்கன்னு. ஆனா அந்தப் பதினோரு நாளு ஒரு குண்டு சத்தம் இல்லை. பன்னெண்டாம் நாள் கழுதையைக் குடுத்துட்டான். பேச ஒண்ணும் இல்லை. அன்னிக்கே சண்டை. என் பக்கத்துல நின்ன ரெண்டு பேரும் போயிட்டாங்க." மேலே கை காட்டினார். அங்கே, எங்களுக்கு எட்டாத உயரத்தில், அவர்கள் பேர் இருந்தது. "முப்பது வருஷமா நினைச்சுப் பாக்கறேன். கழுதை வந்துச்சு, சேணம் வரலையேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இன்னும் பத்து நாள் இழுத்திருக்கலாம்."

அவரோடு குடும்பம் நடத்தின இருபத்தெட்டு வருஷத்தில் நான் இந்தக் கதையைக் கேட்டதில்லை.

"ஐயா, அனுப்புவோம்னு சொன்னீங்க, அதுக்கு மாத்தா இன்னொரு வார்த்தையையும் இந்தக் கல்லுகிட்ட ஒருவாட்டி சொல்லிப் பாருங்க" என்றேன் நான்.

பூவராகன் கூட்டத்தைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார், மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வெட்கப்படுகிற மாதிரி, கல்லுக்கு மட்டும் கேட்கிற குரலில், "பேசிப் பார்க்கலாம்" என்றார்.

கல் கொஞ்சம் இறங்கியது. நெல் மூட்டையை இறக்கி வைக்கிறவன் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். கிழிசல் வழியாக வானம் ஒரு கை அகலத்துக்குத் தெரிந்தது.

முப்பத்தொரு நூலையும் ஒன்றாக முடிந்து அவர் கையில் கொடுத்தோம். வேலியைத் திறந்து வைக்காமலே கிளம்பிப் போனார்.

ஓட்டு நடந்த வியாழக்கிழமை டீக்கடை டிவியைக் கல்லுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். பட்டாளத்தில் பையன்கள் பெட்டியோடு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார்கள் என்று காலையிலேயே சேதி வந்துவிட்டது. மணிக்கணக்காகப் பேசினார்கள். கல் ஏறுவதும் நிற்பதுமாக இருந்தது. நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதைத் துடைப்பது என்று தெரியாமல். மூன்று மணிக்குப் பூவராகன் எழுந்தார். அவருக்கு நாலு நிமிஷம். சட்டைப் பையிலிருந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரின் பேரைச் சொன்னார். கழுதைக் கதையைச் சொன்னார். அவர் கட்சிக்காரர்களே சிரித்தார்கள், பின்னால் ஒருத்தர் கழுதை மாதிரி கத்தினார். அவர் நிறுத்தவில்லை. "பதினோரு நாள் யாரும் சாகவில்லை. எனக்கு வீரம் பேசத் தெரியும், ஐம்பது வருஷமாகப் பேசியிருக்கிறேன். அதைவிடக் கஷ்டம் சேணத்தைக் கேட்பது. நாற்பதாயிரம் பேரை அனுப்புவதற்கு முன்னால் நாலு பேரை அனுப்புங்கள், பேசத் தெரிந்த நாலு பேர், டீ குடித்துக்கொண்டு எவ்வளவு நாளானாலும் உட்காரக்கூடியவர்கள்" என்றார். மணி அடித்தார்கள். உட்கார்ந்தார்.

அவர் பேச்சால் எல்லாம் மாறிப்போனது என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பிறகும் பழிவாங்கச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் வடக்கே எங்கோ ஒரு ஊர் எம்.பி., தடித்த மீசைக்காரர், எழுந்து, என் தொகுதியிலும் ஒரு விஷயம் நடக்கிறது, குளத்துப் படிக்கட்டு தினம் ஒரு படி கூடுகிறது, அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதீர்கள் என்று சொல்லி அழுதார். அதற்கப்புறம் சபையில் கொஞ்ச நேரம் யாரும் கத்தவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டு எடுத்தார்கள். ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில், படை அனுப்புவதை நிறுத்தி வைத்து, முதலில் பேச ஆள் அனுப்புவது என்று முடிவானது. பூவராகனைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். ரயில் நிலையத்தில் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார்கள். புண்ணியகோட்டி போனில், "ரயில்ல ஏறிக்கூட உக்காந்திருந்தோம்மா, சன்னல் சீட்டு" என்று மட்டும் சொன்னான்.

ஊரில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. களைத்துப்போய் அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தோம்.

அதற்குப் பிறகு கல் இறங்க ஆரம்பித்தது. பேச்சு நடக்கிற ஒவ்வொரு நாளும் அரிசி கனம், எள்ளுக் கனம் என்று இறங்கியது. கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. பேர் மாற்றின மனுக்களைப் பெண்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், தனா மறுபடி தனசேகரன் ஆனான். மேலே போயிருந்த இருபத்தாறு பேரும் இறங்கி என் கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்தார்கள். டீக்கடைக்காரர் நிழல் போய்விட்டது என்று குறைப்பட்டுக்கொண்டே பெஞ்சைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டார். வேலியில் இப்போது ஆட்டைக் கட்டுகிறார்கள்.

மாசி பிறந்ததும் கல் இறங்குவது நின்றுவிட்டது. பழைய உயரத்துக்கு இன்னும் இரண்டு விரல் பாக்கி. ஒரே ஒரு கோடு மிச்சம் இருக்கிறது.

பேச்சு இன்னும் நடக்கிறது. நாலு மாதமாக ஒரு சின்ன ஓடைமேல் இருக்கிற மரப்பாலத்தில் யார் பலகை மாற்றுவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். டிவியில் கேலி பண்ணுகிறார்கள், இதற்கு இவ்வளவு நாளா, இதைவிட நாற்பதாயிரம் பேரை அனுப்பியிருக்கலாமே என்று கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கிறவர்கள் கேட்கிறார்கள். அப்படி ஒருத்தர் கேட்டதற்கு மறுநாள் அந்தக் கோடு விரலுக்குக் கொஞ்சம் ஆழமாகத் தெரியும். என் வீட்டுக்காரர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, "பலகை முடிஞ்சா ஆணி கீது. ஆணி முடிஞ்சா பெயிண்ட் கீது. இழுங்கடா" என்கிறார். எம்.பி.க்களுக்கு அலுப்பாக இருக்கும், தெரியும். எனக்கும் அலுப்புத்தான். நேற்று விளக்கிய பாத்திரம் இன்றைக்கும் வந்து விழுகிறது, அதற்காகப் பாத்திரத்தைத் தூக்கித் தெருவில் எறிந்துவிடுகிறேனா. உட்கார்ந்து விளக்குகிறேன். அவர்களும் உட்காரட்டும்.

மிச்சம் இருக்கிற அந்தக் கோடு யாருடையது என்று ஊரில் யாரும் அளக்கவில்லை. ஒரு நாள் குழாயடியில் முப்பத்தொரு பேரும் பேசி முடிவு செய்தோம், அதன்மேல் யாரும் நூல் வைக்கக் கூடாது என்று. முதலில் சொன்னவள் சின்னபாப்பா. யாருடையதாக இருந்தாலும் எல்லாருடையதாகவே இருக்கட்டும், அப்போதுதான் முப்பத்தொரு பேரும் டெல்லிக்குக் கடிதாசி போடுவோம் என்றாள். வாரத்துக்கு ஒன்று போடுகிறோம், பேசுங்கள் என்று மட்டும் எழுதி. நான் தினமும் காலையில் வாளியும் துணியுமாகப் போகிறேன். இருபத்தாறு பேரையும் விரலால் படிக்கிறேன். கடைசியில் அந்தக் கோட்டுக்கு வருவேன். என் விரலுக்கு ஒரு சாண் நாலு விரல் எவ்வளவு என்று நன்றாகத் தெரியும், அதனால் முழுசாகத் தடவுவதில்லை. பாதி வரைக்கும் ஈரத்துணியால் துடைத்து, அங்கேயே கையை எடுத்துவிட்டு, துணியைப் பிழிந்துகொண்டு வந்துவிடுகிறேன்.